பம்பரம் பக்கிரியின் கையெழுத்து

கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த வெங்கடசுப்ரமணியனைப் பார்த்து அலிப்பூர் குவார்ட்டர்ஸில் ஒரு பூனைகூடப் பயந்ததில்லை. காய்கறி வாங்கப் போனால் முற்றிய வெண்டைக்காயோடு திரும்பி, மனைவி மீனாக்ஷியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அவரிடம் இரண்டு வினோதங்கள் உண்டு. எதை எழுதினாலும் ஆபீஸ் கடிதமாகவே வரும். மச்சினிக்குப் பிள்ளை பிறந்தபோது வாழ்த்துக் கடிதத்தில் ‘மேற்படி குழந்தை’ என்று எழுதியவர். இன்னொன்று, பம்பரம் பக்கிரிப் பைத்தியம்.

பக்கிரி பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் காமெடியன். அடி விழுந்தால் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கீழே விழுவார். தொண்ணூற்று நான்கில், லேக் மார்க்கெட் கடையில் வாங்கிய தமிழ் வார இதழில் அவர் பேட்டி வந்தது. வயதாகிவிட்டதாம், கோடம்பாக்கத்தில் வீட்டோடு இருக்கிறாராம். முகவரியும் இருந்தது, வீட்டுக்கூடத்தில் எடுத்த புகைப்படமும் இருந்தது. அவர் கையெழுத்து ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்று வெங்கடசுப்ரமணியனுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதினார். ‘பொருள்: கையொப்பம் கோருதல். பார்வை: பத்திரிகையில் வெளியான தங்கள் இல்லப் புகைப்படம். மேற்படி புகைப்படம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இணைத்துள்ள தாளில் ஒப்பமிட்டுப் பதினைந்து தினங்களுக்குள் அனுப்பிவைக்கவும்.’ பழக்க தோஷத்தில் பதவி முத்திரையையும் நச்சென்று குத்தினார். தபால்தலை மட்டும் சொந்தக் காசில் வாங்கி ஒட்டினார். அந்த நேர்மையை யார் கவனித்தார்கள்?

பதில் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. கனமான கவர். கைகால் கழுவிக்கொண்டு வந்து பயபக்தியோடு பிரித்தார். உள்ளே முத்திரைத்தாளில் ஒரு வாக்குமூலம். ‘படத்தில் என் பின்னால் தெரியும் டெலிவிஷன், என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அவன் தீர்வை கட்டினானா என்பது எனக்குத் தெரியாது. அருகிலுள்ள டேப் ரிக்கார்டர் பாடாது. சென்ட் பாட்டில்கள் அனைத்தும் காலி.’ பக்கத்துக்குப் பக்கம் சுழித்துச் சுழித்துப் பக்கிரியின் கையெழுத்து. கூடவே ஆடிட்டரின் குறிப்பு: விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு உண்டு.

மீனாக்ஷி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பாபா ரே,” என்று வங்காளத்தில் வியந்தாள் மகள் தீப்தி. “நம்ம அப்பாவப் பாத்துக்கூட ஒருத்தர் பயந்துட்டார்மா.”

வெங்கடசுப்ரமணியனும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் அந்தத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கோணலாக இழுபட்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நம்மள சிரிக்க வெச்ச மனுஷன் மீனா. அவர நடுங்க வெச்சுட்டேன்.”

“அப்ப திருப்பி அனுப்பிடுங்கோ.”

“கையெழுத்து போயிடுமே.”

“போகட்டும். பாவம், அந்த மனுஷருக்கு இருக்கிற ஒரே டிவி, அவா நிம்மதியாப் பாக்க வேண்டாமா? இங்கயே ஒக்காந்து எழுதுங்கோ. மேற்படி, கீழ்ப்படி ஒண்ணும் கூடாது.”

‘பொருள்’ இல்லாமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. நாலைந்து தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, ஒரு வழியாக வந்தது. ‘ஐயா, ஏழு வயதில் திருச்சியில் ஒரு கொட்டகையில் நீங்கள் சுற்றி விழுந்ததைப் பார்த்துச் சிரித்ததில் என் நிஜார் நனைந்துவிட்டது. அப்பா பாதிப் படத்தில் வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டார். உங்கள் ரசிகன் நான், அவ்வளவுதான். டிவியைத் தாராளமாகப் பாருங்கள்.’ வாக்குமூலத்தை மடித்து உள்ளே வைத்தார். அந்தக் கையெழுத்துகளைக் கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கவரை ஒட்டினார்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் பதில் வந்தது. பாதிச் சுற்றில் கால் பின்ன நிற்கும் பக்கிரியின் பழைய புகைப்படம். பின்புறத்தில் எழுதியிருந்தார்:

‘தம்பி, உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததில் இங்கே வேட்டி நனைந்துவிட்டது. ஆக, நாம் இருவரும் சரிக்குச் சரி. கல்கத்தாவுக்குப் போகும் எந்தக் காகிதத்திலும் இனிக் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஆடிட்டரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே கீழே காண்க.’

கீழே நீல மையில் கொழுகொழுவென்று ஒரு கைநாட்டு.

வெங்கடசுப்ரமணியன் பின்பக்கம் தெரிகிற மாதிரி அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பக்கிரிக்குப் பாவம் கையெழுத்துப் போடத் தெரியாதா என்று கேட்பார்கள்.

“ரொம்ப அழகாப் போடுவார்,” என்பார் அவர். “நானே பாத்திருக்கேன்.”