மங்கிய சிவப்புப் பொத்தான்

மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடையில் வேலை பார்க்கும் அவளுக்குப் பேர் கறார் அக்கா. ரோபோ போட்டி வந்தால் மின்சாரச் சாமான்களைச் சோதித்துச் சீட்டு ஒட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். சீட்டு இல்லாத ரோபோ களத்தில் இறங்க முடியாது. சிரித்துப் பேசி அவளிடம் காரியம் சாதித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

பழைய சாமான் என்றாலே அவளுக்கு ஆகாது. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஆலையில் அவள் தம்பியின் கை இயந்திரத்தில் மாட்டியபோது பக்கத்தில் நின்றவன் நிறுத்துப் பொத்தானை அழுத்தினான். பொத்தான் உள்ளே போயிற்று, இயந்திரம் நிற்கவில்லை. அந்தப் பொத்தான் அரதப்பழசு. தம்பியைத் துணி போர்த்தித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த வருஷம் ஒரு கல்லூரிப் பெண்கள் கொண்டுவந்த ரோபோவில், ஓட்டத்தை நிறுத்தும் மெயின் சுவிட்ச் மங்கிப்போன சிவப்புப் பொத்தான். கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்ட மாடல். பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"பழசுதான்க்கா. ஆனா பழசு கூடாதுன்னு விதியில இல்லையே," என்றாள் குழுத்தலைவி.

"இருக்கா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன். நீ வாயால வயரிங் பண்ணாத."

விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பிரித்து மாற்றாத பழைய மாடலும் செல்லும், அழுத்தினால் மின்சாரம் உடனே அறுபட வேண்டும் என்றிருந்தது. திரும்பப் படித்தாள். எழுத்து மாறவில்லை. தலைமைச் சோதனையாளர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடம்மா, யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"என் மனசுக்குன்னு இந்தப் புத்தகத்துல பக்கம் ஒதுக்கலையே சார்."

ரோபோவை மேசையில் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். நின்றது. மறுபடி ஓடவிட்டு அழுத்தினாள். நின்றது. கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்தினாள். குற்றம் தேடுகிறாள் என்று நினைத்த ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருமுறைகூட அது ஏமாற்றவில்லை. மீட்டரும் சுழியத்தைத்தான் காட்டிற்று.

சீட்டை ஒட்டினாள். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

சோதனை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகிறவள், அன்று களத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து குழுத்தலைவி குனிந்து பொத்தானை அழுத்தினாள். ரோபோவின் விளக்கு அணைந்தது. அப்புறம்தான் கறார் அக்கா கம்பியை விட்டாள். உள்ளங்கையில் கம்பித் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.