வழியில் ஒரு கட்டில்

லாரிக்காரர்கள் மத்தியில் அவருக்கு ஹாரன் என்று பெயர். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே உரம் ஏறிய தொண்டை அது. சாப்பாட்டு மேசையில் அவர் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஸ்டியரிங்கை விட்டு இறங்கி ஓய்வில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குரல் மட்டும் ஓய்வுக்கு மனுப் போடவில்லை.

அவருடைய மனைவி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைக்கிறவர். போன வருஷம் கம்பெனிப் படியில் கால் பிசகி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். மல்லாந்து கிடந்த மாதங்களில் சுழலுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு அவர் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டார். இந்தக் கால் மறுபடியும் தரையில் ஊன்றினால், மலைச் சந்நிதி வரைக்கும் நடந்தே வருகிறேன். வைப்பதற்கு முன்னால் யாரையும் கேட்கவில்லை. வைத்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"வண்டியில போயிட்டு வந்துடலாமே. சாமி என்ன, கால் தேய்ஞ்சிருக்கான்னு செருப்பைத் திருப்பியா பாக்கப் போகுது?" என்றார் ஹாரன்.

"நடந்து வரேன்னு வாய் விட்டாச்சு. வண்டியில போய் இறங்கினா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள போறது?"

டாக்டர் சரி என்றார். ஆனால் சும்மா சரி என்று சொல்லவில்லை. வெயில் ஏறும்வரைதான் நடக்கலாம். ஏறிவிட்டால் காலை நீட்டிப் படுத்துவிட வேண்டும். தரையில் உட்காரவே கூடாது. படுக்கக் கட்டில், கழிப்பறையில் நாற்காலி மாதிரி உட்காருகிற வசதி, இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. "நடுவுல ஒரு நாள் தப்பினாலும் தகடு அசையும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

"அந்த ரோட்டை எங்கிட்ட விடு," என்றார் ஹாரன், வீட்டுக்கு வந்ததும். "எத்தனை வருஷம் லோடு அடிச்சிருக்கேன். எனக்கு ரூம் இல்லைன்னு சொல்ற லாட்ஜை இனிமேதான் கட்டணும்."

முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். தெருவே கேட்கும்படி ஒவ்வொரு லாட்ஜ்காரரையும் அழைத்தார். கட்டில் உண்டா, அந்த மாதிரி கழிப்பறை உண்டா, சுடுதண்ணி வருமா. மதியச் சாப்பாட்டுக்குள் மலை அடிவாரம் வரைக்கும் எல்லா இரவுக்கும் இடம் பிடித்தாகிவிட்டது. தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து விட்டவரைப் போல் சாய்ந்து உட்கார்ந்தார்.

மனைவி எதிரில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் எங்க தங்குறோம்?"

"ஆத்துப் பாலம் தாண்டினதும் ஒரு மாடி லாட்ஜ். வண்டி நிறுத்த தாராளமா இடம் இருக்கு."

"எந்த வண்டி?"

ஹாரன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "பக்கத்துலயே பங்க்சர் கடையும் இருக்கு."

"சரிங்க. தூரம் எவ்வளவு?"

"தூரமா அது! ஒரு மணி நேரம்."

"வண்டியிலயா, கால்லயா?"

ஹாரன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அப்படியொரு அமைதி வந்து பல வருஷம் ஆகியிருக்கும். அவர் பிடித்துவைத்த ஒவ்வோர் இடமும் ஒரு லாரிக்குத் தோதான இடம். டீசல் போட, டயர் பார்க்க, திருப்பி நிறுத்த எல்லாம் வசதி. ஒரு லாரி களைத்துப்போகிற தூரத்தில் ஒரு லாட்ஜ் என்று கணக்காக அமைந்திருந்தது. கால் களைத்துப்போகிற தூரம் எது என்று அவருக்கு அந்த ரோட்டில் ஒரு முறைகூடத் தெரியவேண்டி வந்ததில்லை.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் நடந்து பாப்போம்," என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "என் கால் எங்க போதும்னு சொல்லுதோ, அங்க நிப்போம். அதானே ஒரு நாள் தூரம்."

விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். மனைவி கைத்தடியை ஊன்றி, தையல் மிஷினின் மிதிக்கட்டையை மிதிப்பதுபோல் ஒரே சீராக நடந்தார். ஹாரன் முதலில் முன்னால் போனார், பிறகு பக்கத்தில் வந்தார், பிறகு கொஞ்சம் பின்னால். வெயில் முதுகில் சுட ஆரம்பித்தபோது மரம் அறுக்கும் மில்லுக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. மனைவி அங்கே நின்றார்.

ஹாரன் திரும்பிப் பார்த்தார். தங்கள் பேட்டையின் தண்ணீர்த் தொட்டி அதோ, கை நீட்டினால் தொடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"இவ்வளவுதாங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் தேவலை. மெல்லச் சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி, எதிரே அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார். ஹாரன் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வர்ற வழியில அந்த வளைவுலயே எனக்கு முடிஞ்சுபோச்சு. நீ நடக்கறியேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வந்தேன்."

மனைவி குனிந்து பார்த்தார். "அடப் பாவமே. இதுல லாட்ஜ்ல வண்டி நிறுத்த இடம் கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஹாரன் பஸ்ஸில் போய், நடுநடுவே இறங்கி, நடந்து நடந்து தங்க இடம் கேட்டார். போனில் அதட்டி வாங்குகிற இடங்கள் இல்லை இவை. மர மில் முதலாளியின் பழைய குவார்ட்டர்ஸ், மாடியைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு தபால்காரர் வீடு, ஒரு சின்ன கிளினிக்கின் பின்னறை. எல்லா இடத்திலும் முதலில் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். பிறகு கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். வீடு பார்க்க வந்தவரா, சுகாதார அதிகாரியா என்று தபால்காரரின் மனைவிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எல்லாம் கூடிவந்தது, ஓர் இரவைத் தவிர. மலைக்கு முந்தின நீண்ட வெட்டவெளியில் வீடில்லை, கடையில்லை. லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடை ஒன்றும் அதன் ஆபீஸும்தான் இருந்தன. அது கிடைக்காவிட்டால் இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் நடக்க வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் மனைவி நடைக்கென்று வாங்கி வைத்திருந்த காலுறைகளை மடித்து அலமாரியில் வைத்தார். "விடுங்க. கிடைக்கலைன்னா என்ன பண்றது. சாமிக்குத் தெரியும்."

எடைமேடையை ஹாரனுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ரசீது போடுகிற அம்மாவோடு அவர் சண்டை போடாத மாதம் கிடையாது. லோடு கூடுதல் என்று அந்த அம்மா சொல்வார், உன் மேடைதான் கோணல் என்று இவர் கத்துவார். அந்தப் படியில் போய் எப்படி நிற்பது?

மறுநாள் காலை போய் நின்றார்.

"வாங்கண்ணே," என்றார் அந்த அம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "வண்டியைக் காணோம். உங்களை மட்டும் எடை போடணுமா?"

"இல்லம்மா. ஒரு உதவி." அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாததால் தொண்டையைச் செருமிக்கொண்டார். விழுந்தது, தகடு, வேண்டுதல், கட்டில் எல்லாவற்றையும் சொன்னார்.

"இது ஆபீஸ்ண்ணே. இங்க எப்படி?"

"தெரியும்மா. வேற இடம் இருந்தா உங்க முன்னாடி வந்து நிப்பேனா? கிடைக்கலைன்னா அவ போறதையே விட்டுடுவா. விட்டுட்டேன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. அதைத்தான் என்னால பாக்க முடியாது."

அந்த அம்மா ரசீதுக் கட்டைச் சரிசெய்தார். ஒரு லாரி மேடையில் ஏறி இறங்கிப் போயிற்று. "பின்னாடி ராத்திரி டூட்டி ரூம் இருக்கு. கட்டிலும் இருக்கு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா கழிப்பறை தரையோட தரையா இருக்குமே?"

"அதுக்கு ஒரு வழி பண்றேன்."

வீட்டில் கிடந்த, நடுவில் ஓட்டை போட்ட ஆஸ்பத்திரி நாற்காலியை, தெரிந்த டிரைவரின் லாரியில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் நாளே வந்தார். லாரி மேடையில் நின்றபோது அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"நாற்காலிக்கும் சேத்து ரசீது போடட்டுமாண்ணே?"

"போடுங்கம்மா. நீங்க சொல்ற எடைதான் எடை."

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். பைகள் கட்டியாயிற்று. காலுறைகள் அலமாரியிலிருந்து வெளியே வந்திருந்தன. போன் அடித்தது. எடைமேடை அம்மா.

"அண்ணே, கட்டிலைச் செவுத்தோரமாப் போடலாம்னு பாக்கறேன். அக்கா எந்தப் பக்கம் கால் இறக்குவாங்க? மாத்திப் போட்டுட்டா ராத்திரியில எழுந்திரிக்கக் கஷ்டப்படுவாங்களே."

தகடு வலது காலில். அது ஹாரனுக்குத் தெரியும். தினமும் எழுந்திருக்கிறவளைத் தினமும் பார்க்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது கண்ணை மூடிப் பார்த்தால், எழுந்து நிற்கிற மனைவிதான் தெரிந்தார், எழுந்திருக்கிற மனைவி தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்மா, லைன்லயே இருங்க," என்றார். உள்ளே போனார். "ஏம்மா, சித்தே படுத்து எழுந்திரு."

"என்னது? இப்பத்தான் பையைக் கட்டி முடிச்சேன்."

"படுத்து எழுந்திரேன்."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படுத்தார். பிறகு எழுந்தார். இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, இடது காலை முதலில் இறக்கி, அது தரையைத் தொட்டு நிலைத்த பிறகு வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, தூங்குகிற குழந்தையை இறக்கி வைப்பதுபோல் பக்கத்தில் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஹாரன் போனைக் காதில் வைத்தபடி கட்டிலுக்குக் கிட்டே வந்தார்.

"இன்னும் ஒரு தடவை," என்றார்.

"எதுக்குங்க இப்படிப் பாக்கறீங்க?"

"படுடீ. சரியாப் பாத்துச் சொல்லணும்."