பல் டாக்டர் கொண்டு வந்த மண்

என் பெரியம்மா வேலை பார்க்கும் நர்சரியில் செடி வாங்குவதைவிட பாஸ்போர்ட் வாங்குவது சுலபம். "உங்க வீட்டு மண்ணு ஒரு கைப்பிடி கொண்டு வாங்க, அப்புறம் செடியைப் பத்திப் பேசலாம்" என்பாள். அந்த மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கயிறாக உருட்டி வளைப்பாள். உருட்ட வராமல் உதிர்ந்தால் மணல். வளைக்கும்போது விரிசல் விட்டால் நல்ல மண். விரிசலே இல்லாமல் வளையமாக நின்றால் களிமண். ஈரம் தேங்கினால் அழுகும் அடீனியம் மாதிரிச் செடிகளைக் களிமண்காரர்களுக்கு அவள் கண்ணில்கூடக் காட்டமாட்டாள்.

ஆட்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்து முதலாளிக்கு வயிறு எரிந்தது. "அக்கா, இன்னிக்கு ஒருத்தரைச் சும்மா அனுப்பினாலும் நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று அன்று காலை சொல்லிவிட்டார். பெரியம்மா மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க நான் போனபோது அவள் முகம் தொங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்தார். அடீனியம் கேட்டு வந்து, களிமண் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். தொட்டியில் வையுங்கள் என்றால், "பக்கத்து வீட்டுல தரையிலதான் பூக்குது" என்பார்.

இன்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினார். "லாரியில வேற மண்ணு இறக்கியாச்சும்மா. பாருங்க."

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளறினாள். தேங்காய் நார்த்தூள், ஆற்றுமணல், கூடவே பாதி கிழிந்த ஒரு லேபிள்.

"டாக்டர், உங்க தோட்டத்துல எங்க கடை லேபிளும் முளைக்குதா?"

வாசலோரத் தொட்டி ஒன்று வேர் தெரியப் பரிதாபமாக நின்றது.

"பல்லு பிடுங்குற கை, சும்மா இருக்குமா?" என்றாள்.

முதலாளி ஓடி வந்தார். "அக்கா, அவர் கேட்டதைக் குடுத்துடுங்க!"

பெரியம்மா குனிந்து டாக்டரின் காலைப் பார்த்தாள். ராத்திரி பெய்த மழையில் வீட்டுச் சேறு அப்பி அவர் ஷூ இரண்டு மடங்கு கனத்திருந்தது.

"காலைத் தூக்குங்க டாக்டர்."

வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனிதர், நோயாளியைப் போல மறுபேச்சில்லாமல் தூக்கினார். அவள் அடிப்பாகத்தைச் சுரண்டி, உருட்டி, வளைத்து, அவர் விரலிலேயே மாட்டிவிட்டாள். மோதிரம் கச்சிதமாக நின்றது. ஒரு விரிசல் இல்லை.

"தரையில கல்வாழை வைங்க. களிமண்ணுன்னா அதுக்கு உயிர். அடீனியத்துக்குத் தொட்டி. எங்க மண்ணுதான் உங்களுக்குப் பிடிச்சுப்போச்சே, அதுலயும் ஒரு மூட்டை போடவா?"

மோதிரத்தைக் கழற்றாமலே டாக்டர் தலையாட்டினார். எட்டுக் கல்வாழை, ஒரு அடீனியம், தொட்டி, மண்மூட்டை என்று கார் டிக்கி மூட முடியாமல் போனது. முதலாளியே கயிறு தேடிக் கட்டிக் கொடுத்தார். நாளையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் பெரியம்மா வழக்கம்போல வேலைக்குப் போனாள். வாசலில் கிடந்த கால்மிதியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் முதலாளியின் கையெழுத்தில் ஒரு அட்டை: 'தயவுசெய்து காலைத் துடைக்காமல் உள்ளே வரவும்.'