மாரியாயி பெரியம்மாவின் இருமல்

நேற்றுக் கண்டி பஸ்ஸில் ஓர் அம்மா இருமினார். ஒரே ஓர் இருமல்தான். கையில் கச்சான் சரை, நிலக்கடலைப் பொட்டலம், இருந்தது. தோல் தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். பக்கத்திலிருந்த பெண் ஜன்னலைத் திறந்தாள். நான் பெரிய நியாயஸ்தன் அல்லவா, முகத்தை மெல்ல மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். கொரோனா போய் இத்தனை காலமாகியும் நமக்கு இருமல் என்றால் இன்னும் ஆகாது, பாருங்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்து அடுத்த இருமலை விழுங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மாரியாயி பெரியம்மாவும் அப்படித்தான் திணித்துக்கொள்வார்.

அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தைச் சொன்னால்தான் பெரியம்மாவைச் சொல்ல முடியும். நீளமான தகரக் கூரை ஒன்று. அதன் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் பற்றவில்லையோ, மனம் வரவில்லையோ, முக்கால்வாசியில் நிறுத்திவிட்டான். மேலே திறந்த வெளி. எங்கள் வீட்டில் கருவாடு சுட்டால் கடைசித் தொங்கல் வீட்டில் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். எந்த வீட்டில் என்ன சண்டை, யார் வீட்டுப் பிள்ளை வாய்ப்பாடு தப்பாகச் சொல்கிறது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இரகசியம் பேச வேண்டுமென்றால் தேயிலைக்குள் போக வேண்டும்.

பெரியம்மா எங்களுக்கு அடுத்த வீடு. சொந்தமில்லை. அம்மா அவரை அக்கா என்பாள், அதனால் எனக்குப் பெரியம்மா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபாக்டரியில், தூள் சலிக்கும் இடத்தில் நெடுநாள் வேலை. அந்தத் தூள் நெஞ்சில் இறங்கி நிரந்தரமாக ஓர் இருமலைக் கொடுத்திருந்தது. விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழும்பும்போது தொடங்குவார். முதலில் இரண்டு சின்னது, பிறகு இழுத்து ஒன்று. லயமே அதில்தான் எழும்பும். சேவல் வளர்த்த வீடுகளும் இருந்தன. ஆனால் மூடுபனியில் குழம்பிப்போய்க் கண்ட நேரத்தில் கூவுகிற சேவலை யார் நம்புவது? “மாரியாயி இருமிருச்சு, எந்திரிங்க” என்பதுதான் எங்கள் வீட்டுத் திருப்பள்ளியெழுச்சி.

அப்போது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர். சம்பளம் பேருக்கு, மரியாதை ஊருக்கு. அந்த வருஷம்தான் பன்றிக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கப் பரவுகிறது என்று ரேடியோ சொன்னது, கொழும்பில் வந்துவிட்டது என்று டீவி சொன்னது, நுவரெலியாவுக்கே வந்தாயிற்று என்று பஸ் கண்டக்டர் சொன்னார். எங்கள் லயத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. பயம் மட்டும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் குளிரில் வேம்பு ஏது? மாத்தளைக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்த ஒரு கட்டு வேப்பிலையை இலை இலையாகப் பிரித்து வாசலில் சொருகினோம். நான் முகத்தில் அப்பாவின் லேஞ்சியை, பெரிய கைக்குட்டையை, கட்டிக்கொண்டு பாடம் நடத்தினேன். நான் சொன்ன எதுவும் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. கட்டாத நாளிலும் பெரிதாக விளங்கியதில்லை என்பது வேறு கதை.

“இருமல்தான் மொத அறிகுறி” என்று டீவியில் சொன்ன நாளிலிருந்து பெரியம்மாவின் இருமல் வேறாகிவிட்டது. அத்தனை வருஷம் கேட்ட அதே இருமல்தான். ஆனால் விடியற்காலையில் அது கேட்டதும் அம்மா போர்வையை எங்கள் மூக்குவரை இழுத்துவிடத் தொடங்கினாள். தண்ணீர் பிடிக்கிற பீலியில் பெரியம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஸ்டோரிலும், கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து ஆண்கள் அவர் இஸ்தோப்புத் திண்ணைக்கு எதிரே, வாசலில் எட்டி நின்றார்கள். அப்பாவும் அதில் ஒருவர்.

“காய்ச்ச அடங்குற வரைக்கும் மஸ்கெலியாவுல ஒங்க தம்பி வீட்டுல இருங்களேன்” என்றார் அப்பா.

“இருமிக்கிட்டே போயி நின்னா அவன் மட்டும் உள்ள விடுவானா?” என்று கேட்டார் பெரியம்மா. தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றவர், பிறகு சொன்னார்: “நா இனிமே இரும மாட்டேன்ப்பா. இங்கனயே இருந்துக்கிறேன், விட்டுருங்க.”

சொன்னபடியே செய்தார். மறுநாள் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முக்கல் மட்டும் கேட்டது. துணிக்குள் எதையோ அமுக்குகிற சத்தம். பகலில் தாங்க முடியாமல் போனால் தேயிலைக்குள் ஓடிவிடுவார். இரகசியம் பேசப் போகிற இடத்துக்கு அவர் இருமப் போனார்.

அதுவும் எங்களுக்குப் போதவில்லை. காற்றில் வருகிற நோயாயிற்றே, சுவருக்கு மேலால் வந்தால்? உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, பெரியம்மா வீட்டின் இரண்டு பக்கச் சுவருக்கு மேலேயும் கூரை வரை அடைத்தார்கள். ஒரு வீடு அடைத்தால் மற்ற வீடு சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் லயம் முழுக்க வீட்டுக்கு வீடு சாக்குத் தொங்கியது. கூரைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இருந்த சந்துகளைக்கூட நாங்கள் விடவில்லை. காற்று போக ஒரு ஓட்டை இல்லை. நானே ஏணியைப் பிடித்துக்கொண்டு, “அந்த மூலையில இன்னுங் கொஞ்சம்” என்று மேற்பார்வை செய்தேன். ஆசிரியர் அல்லவா!

அது மழைக்காலம். அடுப்புக்கு மிலாறுதான், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொப்பு. நனைந்த மிலாறு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகை அதுவரை மேலே போய்க் கூரை நெடுக அலைந்து ஏதோ ஒரு சந்தால் வெளியே போய்விடும். இப்போது எங்கே போகும்?

முதலில் தங்கச்சி இருமினாள். அம்மா உறைந்துபோனாள். பிறகு அம்மாவே இருமினாள். மறுநாள் தொங்கல் வீட்டில், அதற்கடுத்த நாள், எங்களைப் பார்த்துச் சாக்குக் கட்டிய எதிர் லயத்தில். கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், தலையிடி. டீவியில் சொன்ன அத்தனையும் இருந்தது. அந்த மாலையில் அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சாகப் பயமாக இருந்தது, நண்பரே. சும்மா சொல்லவில்லை.

அப்போது சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. “என்னா புள்ள, ஒங்க எல்லாருக்குமா இருமுது?”

கொஞ்ச நேரத்தில் இஸ்தோப்பில் ஏதோ வைக்கிற சத்தம். கதவைத் திறந்தால் ஒரு தூக்குச்சட்டியில் ஆவி பறக்கும் கொத்தமல்லித் தண்ணி. பெரியம்மா வாசலுக்கு இறங்கி, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மழையில் நின்றார். “கிட்ட வரல புள்ள. வச்சிட்டேன், எடுத்துக்க” என்றார். எட்டி நிற்க அவருக்கு நாங்கள்தான் பழக்கியிருந்தோம்.

விடிந்ததும் லயமே இருமிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனது. டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எங்களோடு லயத்துக்கு நடந்து வந்தார். எங்கள் வீட்டுக்குள் காலை வைத்தவர் வைத்த வேகத்தில் வெளியே வந்தார்.

“என்ன இது, ஆக்களைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறியளோ? முதல்ல உந்தச் சாக்கைக் கழட்டுங்கோ!”

கழற்றினோம். அன்று சாயங்காலமே இருமல் பாதியாகிவிட்டது. வெட்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. ஸ்டோரிலும் பெரியம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பீலியில் குடங்கள் பழையபடி இடித்துக்கொண்டன. காய்ச்சல் பேச்சு ஓய்ந்தது. ஆனால் பெரியம்மா இருமவில்லை.

சாக்கு இல்லாத சுவருக்கு மேலால் அந்த முக்கல் மட்டும் தெளிவாகக் கேட்டது. இருமல் இல்லாமல் எங்களுக்கு நேரத்துக்கு எழும்பத் தெரியவில்லை. லயத்து ஆட்கள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கினார்கள். ஆனால் அம்மாவை அறுத்தது அதுவல்ல. ஒரு விடியற்காலை அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, இருமுங்கக்கா. நாங்கதான் இருக்கோம். இருமுங்க.”

அந்தப் பக்கம் இரண்டு சின்னது, இழுத்து ஒன்று. அதோடு ஓர் அழுகையும். அம்மாவும் இந்தப் பக்கம் அழுதாள். அடுத்தடுத்த வீடுகளில் அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

இன்று அந்த லயம் இல்லை. தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வீடுதான், குறை சொல்லக்கூடாது. சுவர் கூரை வரைக்கும் போகிறது. பெரியம்மாவுக்குக் கீழே ஓடைப்பக்கம் வீடு கிடைத்தது, அம்மாவுக்கு மேட்டில். கொரோனாவில் எல்லாக் கதவும் மூடியிருந்த நாட்களில் ஒரு பகல், பால் கொடுக்கப் போனவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறார். கொரோனா இல்லை, பழைய நெஞ்சுதான் என்றார்கள். முதல் நாளே உயிர் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். தலைப்பு வாயில் இருந்ததாம்.

போன மாதம் அம்மாவோடு தங்கியிருந்தேன். விடியற்காலையில் விழித்துப் பார்த்தால் அம்மா சுவரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் வீடு எதுவும் இல்லை, தேயிலைதான்.