பதுளைத் தியேட்டருக்குள் ஒரு குளவி

தியேட்டரில் படம் ஓடும்போது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் கதை சொல்கிற ஆளை உங்களுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனால் எனக்கு அதுதான் வேலை.

அப்படிப்பட்டவர்களிடம் மாட்டி அவதிப்பட்ட அத்தனை பேரும் என்னை மன்னிக்க வேண்டும். பதுளையில் ஒரு தியேட்டரில் நான் ஒப்பரேட்டர். ரீல் சுற்றிய காலம் போய், இப்போது பெரும்பாலும் பட்டன் அமுக்குவதுதான் பாடு. எங்களுக்கு வரும் ஆங்கிலப் படங்களுக்குச் சிங்களத்தில்தான் சப்டைட்டில் ஓடும். தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் சிங்களம் நன்றாகப் பேசுகிறவர்களுக்குக்கூட அந்த வேகத்தில் வாசிக்க வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில், கடைசி வரிசைக்குப் பின்னால் மைக்கோடு நின்று கதையைத் தமிழில் சொல்லட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். நான் லுணுகலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவன். கோயில் திருவிழாவிலும் ஃபுட்போல் மெச்சிலும் ஊரையே கட்டிப்போட்ட குரல் இது. சும்மா தூங்க விடலாமா?

முதலாளி துணிக்கடைக் குடும்பத்துக்காரர். எதையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். ஒரே ஒரு ஞாயிறு தந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "எடவேளைக்குப் பொறகும் ஆளுங்க உக்காந்திருக்கணும். எழும்பிப் போயிட்டாங்கன்னா, ஞாயித்துக்கிழமைய கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுருவேன்."

கம்பி தெரிகிற பூச்சி

படம் புதுப்படம்தான். ஆனால் அந்தக் காலத்துப் பூதப் படங்களைப் போலவே வேண்டுமென்று எடுத்திருந்தார்கள். போஸ்டரில் ஒரு பழைய காரும் அதன்மேல் இரண்டு சிறகின் நிழலும் மட்டும். அதை நம்பி, பூனாகலை, மடுல்சீமை, லுணுகலை என்று எனக்குத் தெரிந்த வேன்காரர்கள் எல்லோரிடமும் "பெரிய பூச்சிப் படம், ஆள் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில்தான் அந்தப் பூச்சியின் முகத்தைப் பார்த்தேன். குளவி. ஆராய்ச்சிக்கூடத்தில் ஏதோ வெளிச்சம் பட்டு, லொறி அளவுக்கு வளர்ந்துவிட்ட குளவி.

டவுன்காரர்களுக்கு அது ஒரு பூச்சி, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படியில்லை. தேயிலைச் செடிக்குள் மறைவாகக் கூடு கட்டியிருக்கும். கொழுந்துக்குப் போகிற கை தெரியாமல் பட்டுவிட்டால் போச்சு. குளவி கொட்டி ஒரு ஆளையாவது பறிகொடுக்காத லயத்து வீட்டு வரிசை எங்கள் பக்கத்தில் கிடையாது. நான் அழைத்திருப்பதோ அத்தனையும் கொழுந்து எடுக்கிற பெண்களை.

அந்தக் காட்சியில் முன் வரிசையில் இரும்புக் கடை ஐயா மட்டும் சிறு பிள்ளையைப் போலக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பூதப் படம் என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். வெளியே போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். "ஞாயித்துக்கிழமையும் வருவேன் தம்பி. இந்த மாதிரி, றெக்கையில கட்டுன கம்பி தெரியிற பூச்சியப் பாத்து எத்தன காலமாச்சு!"

தொலைந்துபோன டெலிபோன்

ஞாயிறு வந்தது. வேன் வேனாக வந்து இறங்கினார்கள். நல்ல சேலை, தலையில் பூ, பையில் ரொட்டி, கைநிறைய பிள்ளைகள். இத்தனை தமிழ்ச் சத்தத்தை எங்கள் தியேட்டர் கேட்டு நாளாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை.

கதாநாயகி ஒரு சின்ன ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறவள். படத்தின் தொடக்கத்தில் அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். விரலை விட்டுச் சுழற்றுகிற கறுப்பு டெலிபோன், முதுகு பெருத்த டிவி, கெசட் போடுகிற ரேடியோ. இரும்புக் கடை ஐயா ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டார். கடைசியில் அடக்க முடியாமல், "அந்த டெலிபோன் எல்லாம் இப்ப எங்க இருக்கு, எல்லாம் போச்சே!" என்று வாய்விட்டே புலம்பிவிட்டார்.

பின் வரிசையில் இருந்து ஒரு பூனாகலைக்காரர் மிகவும் மரியாதையாக ஆறுதல் சொன்னார். "எங்க தோட்டத்து ஆபீசுல இருக்குதுங்க ஐயா. கவலைப்படாதீங்க, வந்து ஆச தீரச் சுத்திட்டுப் போங்க."

வண்டு

நான் ஒரு முடிவோடுதான் மைக்கைப் பிடித்திருந்தேன். அந்த மிருகத்தின் பெயரை என் வாயால் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால்தானே பயம்? முதன்முதலாக அது மலைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கியதும், திருவிழாக் குரலில் எடுத்துவிட்டேன். "இதோ வருகிறது, உலகத்தையே அழிக்க வந்த ராட்சத வண்டு!"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, திரையைப் பார்க்காமல் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். பெயர் லெச்சுமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஒரு வேன் நிறையப் பெண்கள் அவளை நம்பித்தான் வந்திருந்தார்கள். திரையில் நிற்கிற பூச்சிக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, உடம்பில் மஞ்சள் கோடு இருக்கிறது, பின்னால் கொடுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் வண்டு என்கிறேன்.

இரும்புக் கடை ஐயா எனக்காகப் பரிந்து, "பயப்படாதம்மா, பொம்மைதான். நல்லாப் பாரு, கம்பி தெரியுது" என்றார். லெச்சுமி அக்கா உட்காரவில்லை. "கம்பியும் தெரியுது, கொடுக்கும் தெரியுதுங்க. மைக்கு தம்பி, குளவிய குளவின்னே சொல்லுங்க."

எல்லோரும் எங்கே?

அதற்குப் பிறகு குளவி என்றே சொன்னேன். ஆனால் அடுத்த காட்சியில் பேச்சுக்கே வேலையில்லை. கதாநாயகி டெலிபோனைக் காதில் வைக்கிறாள். மறுமுனையில் மனிதக் குரல் இல்லை. வெறும் இரைச்சல். ங்ங்ங்ம் என்று மெதுவாகத் தொடங்கி, பெரிதாகி, நான்கு பக்கச் சுவரில் இருந்தும் வருகிறது. முதலாளி அண்மையில்தான் புது ஸ்பீக்கர் போட்டிருந்தார். அவை தங்கள் கடமையைச் சரியாகச் செய்தன.

மலையில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஓடக்கூடாது. தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லா வரிசையும் காலியாயிற்று. பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் அமுக்கிக்கொண்டு சீட்டுகளுக்கு அடியில் போய்விட்டார்கள். சொன்னால் என்ன, நானும் மைக்கோடு குனிந்துவிட்டேன். பதினைந்து வருடமாக டவுனில் இருந்தும் என் முதுகு அதை மறக்கவில்லை.

சத்தம் நின்றது. இருட்டில் தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த இரும்புக் கடை ஐயா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா இது, எடவேள விட்டாச்சா? ஒருத்தரையும் காணோமே!"

வாசலில் ஒரு கேள்வி

உண்மையான இடைவேளை வந்தபோது யாருக்கும் பிளேன்டீயில் மனம் இல்லை. மடுல்சீமை வேன்காரப் பெண்கள் பையெல்லாம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் போனால் மற்ற வேன்களும் போகும். முதலாளி டிக்கட் கவுண்டர் பக்கம் நின்று, கல்யாண மண்டபத்துக்கு எங்கே மேடை போடலாம் என்று அளப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெச்சுமி அக்கா வாசற்படியில் நின்றாள். ஒரு பெண் என் காதில் குசுகுசுத்தாள். "போன வருசம் அக்காவுக்குக் கொட்டிருச்சுங்க. நாலு நாள் பெரியாஸ்பத்திரியில கெடந்துச்சு. பக்கத்து நெரையில கொழுந்து எடுத்த அக்கா போயே சேந்துருச்சு." அக்காவின் கையில் கறுத்த தழும்புகள் இருந்தன. அந்தக் கையோடு அவள் இன்னமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து, அதே மலைக்கு ஏறுகிறாள் என்று அந்தப் பெண் சொன்னாள். காட்சியாவது மண்ணாங்கட்டியாவது, இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றே நினைத்தேன்.

"அக்கா, நீங்க போறதுன்னா போங்க. நான் வேன்காரர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

அவள் திருப்பிக் கேட்டாள். "இனிமே இதுல யாராச்சும் சாவாங்களா தம்பி?"

"மூணு பேர் சாவாங்கக்கா."

"கொழுந்து எடுக்குற ஆளுங்களா?"

"இல்லக்கா. ரெண்டு பேர் விஞ்ஞானி, ஒருத்தர் பட்டாளத்துப் பெரிய ஆபீசர்."

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டு உள்ளே திரும்பினாள். பின்னாலேயே வேன் முழுக்கத் திரும்பியது. "அப்ப பாக்கலாம் வாங்கடி. இந்த ஒரு வாட்டியாச்சும் நம்ம ஆளு இல்ல."

படு!

இரண்டாம் பாதியில் நான் கதை சொல்லவே இல்லை. அவர்கள்தான் சொன்னார்கள். குளவி கூடு கட்டியிருந்த சுரங்கத்துக்குள் விஞ்ஞானிகள் இருவரும் வரிசையாகப் போய்ச் சேர்ந்ததை மிகுந்த பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கதாநாயகி ஆப்பிள் தோட்டத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் தியேட்டர் அதிர்ந்தது. "ஓடாத! ஓடாதடி! படு! மூஞ்சிய மூடு!" வெள்ளிக்கிழமை இதே இடத்தில்தான் டவுன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ரப்பர் குளவியை ஒரு நிஜமான எதிரியாக மதித்துப் பார்த்தார்கள். இந்தப் படத்தை எடுத்தவன் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அவன் மனதில் நினைத்த ரசிகர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவள் கால் தடுக்கிக் குப்புற விழுகிறாள். அசையாமல் கிடக்கிறாள். குளவி மேலாகப் பறந்து போய்விடுகிறது. அவ்வளவுதான், விசில் என்ன, கைதட்டல் என்ன! இரும்புக் கடை ஐயாவும் நாற்காலி மேல் ஏறி நின்று, "படு, படு" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் எழுந்த பிறகும் கத்தினார்.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு திருப்தியான குரல் வந்தது. "சொன்னாக் கேக்குற புள்ள."

படம் முடியவில்லை

விமானத்தில் வந்த ஒருவன் மருந்து அடிக்க, குளவி சுருண்டு விழுந்து செத்தது. பாட்டு வந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின. பெயர் ஓடினால் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவதுதான் எங்கள் வழக்கம். போட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை, அடுத்த காட்சிக்காரர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். முதலாளி ஓடிவந்து, "முடிஞ்சிருச்சுன்னு மைக்கில சொல்லு" என்றார். சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

லெச்சுமி அக்கா எழுந்தாள். "எப்படித் தம்பி முடியும்? சுரங்கத்துக்குள்ள கூடு இருந்துச்சே. அத யாரு எரிச்சா? எங்க மலையிலயும் மருந்து அடிச்சாச்சு, போங்கன்னுதான் சொன்னாங்க. நம்பித்தான் நானும் போய்ச் சேந்த அக்காவும் நெரை புடிச்சோம்."

நான் மெஷின் அறைக்குள் போய் விளக்கை அணைத்து, படத்தை விட்ட இடத்தில் இருந்து மறுபடி ஓடவிட்டேன். ஆங்கிலத்தில் பெயர்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. பிள்ளைகள்கூடச் சிணுங்கவில்லை. எல்லாம் தீர்ந்து, கறுப்புத் திரை வந்து, நானே கையைப் பட்டனுக்குக் கொண்டுபோன நேரத்தில் திரையில் அந்தச் சுரங்கம் தெரிந்தது. உள்ளே கூடு. கூட்டின் ஒரு அறைக்குள் ஏதோ நெளிந்தது. வெள்ளிக்கிழமை முதல் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டிருக்கிற நான் அதை அப்போதுதான் பார்க்கிறேன்.

அன்று எழுந்த சத்தத்தை எந்தத் திருவிழா மைக்கிலும் நான் கேட்டதில்லை. பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லெச்சுமி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, எல்லோருக்கும் முன்னால் நடந்து வெளியே போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பதுதான் மரியாதை என்று பட்டது. முதலாளி நனைந்த கூட்டத்தையும் போகிற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் எரிந்து விழுந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை தமிழ் ஷோவ காலையில பத்தரைக்கே வச்சுத் தொலை. இவங்க படத்த விசாரிச்சு முடிக்கவே ஒரு மணித்தியாலம் வேணும்போல!"

சனத்தை உட்கார வைக்கத் தெரிந்தவனுக்கு எழுப்பி அனுப்பத் தெரியவில்லை என்பதுதான் இப்போது முதலாளிக்கு என்மேல் இருக்கிற ஒரே மனக்குறை.