பட்டியலில் பத்தாவதாக ஒன்று

அந்தப் படிவம் அலுவலகத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அதில் இரண்டு உறுதிமொழிகள்: என் வீட்டு இணைய இணைப்பை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வேலைக் கோப்புகளை என்னைத் தவிர வேறு யாராலும் பார்க்க முடியாது. இந்த இரண்டையும் உறுதிசொல்ல முடியாதவர்கள் கோலாலம்பூர் அலுவலகத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று கீழே ஒரு வரி இருந்தது.

எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். அப்பாவுக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஈப்போ டவுனில் இருக்கும் சென்டருக்கு அவரைக் காரில் ஏற்றிப் போய் வருவது நான். அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் கோலாலம்பூர் போனால் அப்பாவை யார் ஏற்றிப்போவது?

என் வேலை மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது. ஊர் பேர் தெரியாதவர்களின் ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலும் ஆஸ்பத்திரிக் கடிதமும் தினமும் என் கண்முன்னால் வந்து போகும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ரப்பர் தோட்டம் கைமாறி வீடுகளை இடித்தபோது எங்களோடு இருபது குடும்பங்கள் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தன. அந்த இருபது வீட்டிலும் கணினி பழுதானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்தப் படிவம் எனக்கு ஒரு சடங்குதான் என்று நினைத்தேன். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருப்பவற்றை எண்ணி, கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

எண்ணினேன். பத்து இருந்தன. கைப்பேசிகள், கணினிகள், கூடத்து டிவி என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் ஒன்பதுக்குமேல் எனக்குக் கிடைக்கவில்லை. பத்தாவதுக்குப் பெயர் இல்லை. வெறும் எழுத்தும் எண்ணும்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது அண்ணிமேல். அதை மறைப்பதற்கில்லை. அண்ணிக்குச் சொந்த ஊர் சுங்காய். காலையில் ஒரு பாலர் பள்ளியில் சமையல், மதியத்துக்குப் பிறகு கேம். பழைய பாகங்களை வாங்கி அவரே பூட்டிய பெரிய கணினி ஒன்று அவர் அறையில் நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருக்கும். ஐந்து பெண்கள் சேர்ந்த குழு. ஆளுக்கொரு ஊர். அவர்கள் இணையத்தில் சேரும் விளையாட்டு அறையை நடத்துவது எங்கள் வீட்டு இணைப்பில். விளையாடிய பதிவுகளையும் என்னென்னவோ கோப்புகளையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். முகம் தெரியாத நான்கு பேருக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

"அண்ணி, உங்க டீம்ல யாருக்காச்சும் நம்ம பாஸ்வேர்ட் குடுத்தீங்களா?"

அவர் காதுக்கருவியை ஒரு பக்கம் மட்டும் தூக்கினார். "ஒருத்தி ஆயர் தாவார், ஒருத்தி தைப்பிங். நம்ம வைஃபை அங்க வரைக்கும் எட்டுமா? எட்டுனா சொல்லு, பில்லுக்கு ஆளுக்குப் பாதி காசு வாங்கிரலாம்லா."

"சிரிக்காதீங்க. ஃபைல்லாம் மாத்திக்கிறீங்களே, அது எப்படி?"

"அது தனி. அதுக்குப் பூட்டு இருக்கு."

"யாரு போட்டது?"

"நான்தான். ஏன், தொரசானி மட்டும்தான் பூட்டுப் போடணுமா?"

தோட்டத்தில் துரையின் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அண்ணி அந்தச் சொல்லை எடுப்பார்.

நான் நம்பவில்லை. அன்று மாலையே இருபது எழுத்தில் புதுக் கடவுச்சொல் ஒன்றைப் போட்டேன். யாருக்கும் வாயால் சொல்லவில்லை. எல்லாருடைய கருவியையும் கேட்டு வாங்கி நானே தட்டிக் கொடுத்தேன். தட்டும்போது அண்ணி வேறு பக்கம் பார்க்கிறாரா என்றுகூடக் கவனித்தேன். பட்டியலில் ஒன்பதுதான் இருந்தது.

புதன்கிழமை அப்பாவை சென்டரிலிருந்து அழைத்து வந்து, கஞ்சி கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது பத்து. அதே எழுத்து, அதே எண்.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அப்பாவுக்குக் கைப்பேசியில் படம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். மிச்சம் ஒருவர். நான் நேராக அண்ணியின் அறைக்குப் போய், அவர் கணினியின் பின்னால் செருகியிருந்த வயரைப் பிடுங்கினேன். ஆட்டத்தின் நடுவே அவருடைய திரை உறைந்து நின்றது.

அண்ணி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எத்தன நிமிஷம் பாக்கி இருந்துச்சு தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது வேண்டாம் அண்ணி. என் வேலை போயிரும்."

"நான்தான்னு முடிவே பண்ணிட்டியா?"

நான் வயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் அவர் எனக்குச் சோறு போட்டு வைத்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். வயர் பிடுங்கிய பிறகும் பட்டியலில் பத்தாவது அப்படியே இருந்தது. அதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: கைப்பேசி வழியாக ஏதோ செய்திருப்பார்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் கடவுச்சொல்லை மாற்றினேன். இந்த முறை கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, வேலை செய்வதுபோல் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, லைன் திரும்பவும் போச்சு."

"இரும்மா, வாரேன்" என்று அப்பா எழுந்தார். நடந்துபோய், டிவி அலமாரிமேல் இருந்த ரவுட்டரின் பின்பக்கம் விரலைவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சன்னலைப் பார்த்து, "இப்ப பாரும்மா" என்றார்.

என் பட்டியலில் பத்தாவது வரி வந்து உட்கார்ந்தது.

"அப்பா, என்ன செஞ்சீங்க?"

"பட்டன அமுக்குனேன்."

"யாருக்கும் பாஸ்வேர்ட் குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது. நான் எங்க குடுத்தேன்? பட்டன்தான்."

கதை அப்போதுதான் வெளியே வந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கூடாரத்து விளக்குக்கும் காற்றாடிக்கும் மின்சாரம் பக்கத்து வீட்டிலிருந்துதான் போகும். கேட்கக்கூட மாட்டார்கள். வயரை இழுத்துக்கொண்டு வருவார்கள், நாம் கதவைத் திறந்துவிடுவோம். போன வருடம் அந்த அத்தையின் கணவர் இறந்தபோது, நான் கோலாலம்பூரில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்த மகளால் வர முடியவில்லை. தன் அப்பாவின் முகத்தைக் கைப்பேசி வழியாவது பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். என் அப்பா விளக்குக்கு வயர் கொடுத்ததைப்போல இணையத்தையும் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் ஒருவர் வந்து, எங்கள் இணைப்பை வாங்கி அந்த வீட்டுக்குள் பரப்பும் சின்னப் பெட்டியைச் சுவரில் செருகி, அறுந்துபோனால் இந்தப் பொத்தானை அமுக்கினால் போதும் என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வயரைப் பதினாறாம் நாள் சுருட்டி எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இதை யாரும் சுருட்டவில்லை. நான் எத்தனை எழுத்தில் பூட்டுப் போட்டாலும் அந்தப் பொத்தான் அதைக் கேட்காமலே திறந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொத்தான் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

உடனே என் சந்தேகம் அத்தைமேல் போனது. அந்த வீட்டுக்கு யார் யாரோ வந்து போகிறார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகப் போனேன். அத்தை என்னை வரவேற்ற விதத்தில் எதையும் மறைப்பதாகத் தெரியவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அத்தை, இந்த லைன்ல என்ன பாக்கிறீங்க?"

"மககூடப் பேசுவேன். டிவியில பாட்டு பாப்பேன். அப்புறம் உங்க வீட்டுப் படம்லாம் வருமே, அது."

"எங்க வீட்டுப் படமா?"

அவர் ரிமோட்டை எடுத்து இரண்டு மூன்று முறை அமுக்கினார். திரையில் என் கணினியின் பெயர் வந்தது. என் பெயரோடு பட்டத்தையும் சேர்த்து நானே வைத்த பெயர். உள்ளே போனால் நான் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் பட்டமளிப்புப் படங்கள்.

"எத்தன அழகா இருக்கே" என்று அத்தை அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டே போனார். தொப்பிப் படங்கள் முடிந்தன. ஒரு சீனப் பெரியவரின் ஐசி வந்தது. அதன் பின்னால் அவருடைய ஆஸ்பத்திரிக் கடிதம், டிவி முழுக்க, ஒவ்வொரு வரியும் படிக்கும்படி.

"இவரு யாரும்மா? உங்க ஆபீஸ்காரரா? உடம்புக்கு முடியல போல."

"வேற யாருக்காச்சும் காட்டினீங்களா அத்தை?"

"தங்கச்சி வந்திருந்தா. உன் படத்தக் காட்டுனேன். அப்போ இதுவும் வந்துச்சு."

தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். என் பட்டமளிப்புப் படங்களைக் கூடத்து டிவியில் ஓடவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். டிவி கணினியைக் கண்டுபிடிக்க மறுத்தபோது, பொறுமையில்லாமல், எல்லாக் கருவிகளுக்கும் அனுமதி என்று தட்டியது நான். அதைத் திரும்ப மூடவில்லை. அலுவலகத்தின் மடிக்கணினி மெதுவாக இருக்கிறது என்று அந்தப் பெரியவரின் ஆவணங்களை என் சொந்தக் கணினியில் வைத்துப் பார்த்ததும் நான்தான். அதற்காகக் கைப்பேசியில் படமெடுத்த நகல்கள் தாமாகவே கணினியில் என் படங்கள் இருக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தன.

வீட்டுக்கு வந்து அண்ணியின் அறை வாசலில் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னோடத முதல்ல பாரு" என்றார்.

பார்த்தேன். அவருடைய கோப்புகள் எதுவும் வெளியே தெரியவில்லை. விளையாட்டு அறைக்கென்று ஒரே ஒரு வழி, அதற்கும் தனிக் கடவுச்சொல். பிறகு அவர் என் கணினியை மடியில் வாங்கிக்கொண்டு அனுமதியை மூடினார். ரவுட்டரின் பொத்தானைச் செயலிழக்கச் செய்தார். அத்தைக்கு விருந்தினர் இணைப்பு ஒன்றைத் தனியாகத் திறந்தார். அதிலிருந்து இணையத்துக்குப் போகலாம், எங்கள் கருவிகளைப் பார்க்க முடியாது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஒரு தடவ எவனோ உள்ள பூந்து எங்க ஆட்டத்தக் கெடுத்தான். அதுக்கப்புறம்தான்."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"ம். அந்த மேட்ச் தோத்தது தோத்ததுதான்" என்று கணினியை என் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, சென்டரில் அப்பாவுக்குக் காத்திருக்கும்போது படிவத்தைத் திறந்தேன். இப்போது கையெழுத்திட்டால் பொய் இல்லை. படிவம் கேட்பது இன்றைய நிலையை. இன்றைக்கு எல்லாம் பூட்டியிருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அத்தை சொல்லமாட்டார், அண்ணியும் சொல்லமாட்டார். அப்படி நினைத்தபோதே, அலுவலகத்தில் எத்தனை பேர் இதையே நினைத்துக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள் என்ற எண்ணமும் வந்தது.

கையெழுத்திடவில்லை. நடந்ததை எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். கத்தவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கோலாலம்பூர், மறுபடி எப்போது வீட்டிலிருந்து என்பது பிறகு பார்க்கப்படும் என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவர் சென்டரின் வேன்காரரிடம் நேரம் கேட்டு வைத்துவிட்டார். அண்ணி கார் லைசன்சுக்குப் பதிந்திருக்கிறார்.

போவதற்குமுன் ஒரு வேலை இருந்தது. அந்தச் சீனப் பெரியவருக்கு அலுவலகம் கடிதம் அனுப்ப வேண்டும், அதன் வரைவை நான் எழுத வேண்டும். உங்கள் ஆவணங்களைப் பார்த்தவர்கள் யார் என்ற இடத்தில், இரண்டு பெண்கள் என்று எழுதினேன். தீபாவளியிலிருந்து அன்றுவரை அத்தை வீட்டு டிவி முன்னால் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று யோசித்தேன். அந்த வரிக்கே திரும்பப் போய், 'எனக்குத் தெரிந்தவரை' என்று முன்னால் சேர்த்தேன்.