கயிறும் வளைந்தது

என் கணவர் நடவு மிஷின் ஓட்டுகிறார். வலங்கைமான் பக்கத்தில், அவர் நட்ட வயலென்றால் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த வரிசையைத்தான் நான் கோணல் என்றேன்.

எங்கள் வயலில் குறுவை நட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வரப்பில் நின்றிருந்தேன். இடுப்பிலிருந்த மகள் விளையாட்டாக என் வலது கண்ணைப் பொத்தினாள். இடது கண்ணுக்கு நாற்று வரிசை நடுவில் நெளிந்து தெரிந்தது.

“என்னங்க, இங்க வளைஞ்சிருக்கே?”

“நாலு ஊர்ல என் நடவை மெச்சுறாங்க. மைனஸ் பதினாலு கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீ கோணல்ங்குறியா?”

வழக்கமாக அத்தோடு அடங்கிவிடுவேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அன்று ஏனோ விடவில்லை.

“எனக்கு வளைஞ்சுதாங்க தெரியுது.”

அவருக்கு ரோஷம். கயிறு எடுத்துவந்து, வரிசையை ஒட்டி இரண்டு முனையிலும் குச்சி ஊன்றி விறைப்பாகக் கட்டினார். “இப்பப் பாரு.”

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். கயிறும் வளைந்தது. சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

மறுநாளே தஞ்சாவூர் போனோம். சொட்டு மருந்து விட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் அடுக்கடுக்காக ஒரு பட்டை. அதன் நடுவில் சின்ன மேடு.

“உங்க கண்ணு பின்பக்கமா நீண்டு வளர்ந்திருக்கும்மா. அதான் இவ்வளவு பவர்,” என்றார் டாக்டரம்மா. “நீள நீள உள்ள விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிடும். மெலிஞ்ச எடத்துல புது ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. இந்த மேடு அதுதான். விட்டா நடுப்பார்வை போயிடும். ஊசி போட்டு நிறுத்தப் பார்ப்போம்.”

பிள்ளையைத் தூக்கியதாலா, செல்போன் பார்த்ததாலா என்று எனக்குள் ஓடியது. “நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?”

“நீங்க பண்ணினது ஒண்ணுதான். சீக்கிரமா வந்தீங்க.”

கண்ணுக்குள் ஊசி. கண்ணை அசைக்காமல் இருந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேடு தணிந்திருந்தது. இன்னும் சில மாதம் வரவேண்டும், ஆனால் பார்வை தப்பியது என்றார்.

வெளியே வந்தால் இவர், பக்கத்து நாற்காலிப் பெரியவரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “எங்க வீட்டுக்காரங்கதாங்க கண்டுபுடிச்சாங்க. நான் சண்டைக்குப் போனேன், அவங்க சொன்னதுலயே நின்னாங்க.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.